இரவல் மாடுகள் நின்ற வயல்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. நாற்காலியை அடுப்பருகே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஈரக் கம்பளியை இப்படிக் கொடுங்கள், காயட்டும். ஒரு கல்லறையைத் தேடிக் கடல் தாண்டி வந்தவளின் கதை சொல்கிறேன். கல்லறை என்றதும் முகத்தைத் தொங்கப்போட வேண்டாம், சிரிக்கிற கதைதான்.

போன மே மாதம், நல்ல மழையில், மார்லீன் மெக்கவர்ன் என்றொருத்தி அமெரிக்காவிலிருந்து வந்து என் வாசலில் நின்றாள். கையில் ஒரு தகர டப்பா. எங்கள் கேவன் மலைப்பக்கத்தில் விருந்தாளி டப்பாவோடு வந்தால் அது பிஸ்கட். "எதுக்கும்மா இதெல்லாம்" என்று வாங்கி, அலமாரியில் சர்க்கரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

"அது எங்க அப்பாங்க," என்றாள்.

சிலுவை போட்டுக்கொண்டு, சாம்பலாய் வந்த அவரைக் கீழே இறக்கி, வீட்டிலேயே நல்ல நாற்காலியில் உட்காரவைத்தேன். அவளுக்கு என் நீலக்கோடு போட்ட கோப்பையில் தேநீர் கொடுத்தேன். அதன் விளிம்பு கொஞ்சம் உடைந்திருக்கும். உடைந்த பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக் குடித்தாள், நல்ல பெண்.

தன் தாத்தாவின் குடும்பத்தாரோடு மண்ணில் படுக்க வேண்டும் என்பது அந்த அப்பாவின் கடைசி ஆசை. தாத்தா பெயர் டெரன்ஸ் மெக்கவர்ன், பாட்டி ஹனோரா டோலன். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் டெரன்ஸ் வேலை செய்ததையும், அதற்கு முன் இருவரும் ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்கு தோண்டியதையும், எந்தக் கப்பலில் ஏறினார்கள் என்பதையும் மார்லீன் பின்னோக்கித் தடம் பிடித்து எங்கள் பள்ளத்தாக்குவரை வந்துவிட்டாள். இங்கே வந்து தடம் அழிந்தது.

அழியாதா பின்னே? எங்கள் ஊரில் கல்லெறிந்தால் ஒரு மெக்கவர்ன் மேல் விழும். அவன் திரும்பிப் பார்த்தால் டெரன்ஸாக இருப்பான். மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் என்பதால் தலைமுறைக்குத் தலைமுறை அதே டெரன்ஸ் திரும்பி வருவான். அதனால்தான் மேட்டு டெரன்ஸ், செம்பட்டை டெரன்ஸ், தையற்கார டெரன்ஸ் என்று பட்டப்பெயர் வைத்துப் பிரிப்போம். அதைக் கல்லில் யாரும் செதுக்குவதில்லை. கப்பல் ஏறுகிறவர்கள் முதலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போவதும் அதைத்தான்.

கல்லறைத் தோட்டத்துக்கு அவளை அழைத்துப் போனேன். அங்கே ஃபீலிம் மெக்கவர்ன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்த பிரம்மச்சாரி. இரண்டு பசுவும் ஒரு நாயுமாக மேலே தனியாக இருக்கிறவன்.

"உங்க குடும்பத்துல அமெரிக்கா போனவங்க உண்டாங்க, ஐயா?"

"எங்க குடும்பத்துல யாரும் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்ல."

"டெரன்ஸ்னு யாராவது?"

"அப்படி ஒரு பேரே கேள்விப்பட்டதில்ல," என்றான், டெரன்ஸ் மெக்கவர்ன் என்று செதுக்கிய கல்லில் சாய்ந்துகொண்டு.

எனக்குக் காரணம் தெரியும். அமெரிக்காக்காரர் வந்து தாத்தா பெயரை எடுத்தால் எங்கள் ஆட்களின் காதில் விழுவது ஒன்றுதான்: என் பங்கு நிலம் எங்கே? ஃபீலிமின் தாத்தா இளையவர்; அவருடைய அண்ணனும் கப்பலேறிய ஒரு டெரன்ஸ். மூத்தவர் விட்டுப்போன வயலில்தான் இவன் பசுக்கள் மேய்கின்றன. நானே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கப்பலேறிய டெரன்ஸ்கள் பலர், எனக்கு நிச்சயமில்லை. தவிர, அடுத்தவர் குடும்பக் குழியை நான் எப்படிக் கைகாட்டுவது? தப்பான குழியில் அப்பாவை வைத்தால் நியாயத்தீர்ப்பு நாளில் யார் யாரோடு எழுந்து நிற்பது?

மறுநாளுக்கு அடுத்த நாள் அவளுக்கு விமானம். சாயங்காலம் அஸும்டாவின் மதுக்கடையில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாடி உட்கார்ந்திருந்தாள். மூலையில் ஃபீலிம், சுவரைப் பார்த்தபடி, தன் கறுப்பு பீரோடு.

"வேற எதுவும் சொன்னதில்லையாம்மா உங்கப்பா?" என்றாள் அஸும்டா.

"ஒரே ஒரு கதை சொல்லுவாரு. தாத்தாவுக்குப் பொண்ணு பேசினப்ப, அவரோட வயல் நிறைய மாடு நின்னுச்சாம்."

கடையில் இருந்தவர்கள் கிளாசுக்குள் முகத்தைப் புதைத்தார்கள். அஸும்டா துடைத்த கிளாசையே திரும்பத் துடைத்தாள். ஃபீலிமின் காது சிவந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கல்யாணம் பேசினால் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் நிலத்தை நடந்து பார்ப்பார். அப்படிப் பார்க்க வந்த நாளில், ஒற்றைப் பசு வைத்திருந்த ஒரு டெரன்ஸ் ஊரெல்லாம் கெஞ்சி மாடுகளை இரவல் வாங்கி வயலில் நிறுத்தினான். பெண்ணின் அப்பாவோ தேநீரும் ரொட்டியுமாக எழுந்திருக்கிற வழியாக இல்லை. பால் கறக்கும் நேரம் வந்ததும் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவரவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். "கூலிக்காரிங்க, மேய்ச்சல் மாத்துறாங்க" என்று சமாளித்தான். கல்யாணம் ஆனபிறகு குட்டு உடைந்தது. மாமனார் தடியோடு துரத்த, ஜோடி ஊரைவிட்டே ஓடியது. ஊரில் தங்கிய தம்பிக்கு, அதாவது ஃபீலிமின் தாத்தாவுக்கு, 'மாட்டு மெக்கவர்ன்' என்ற பட்டம் மிச்சம். ஃபீலிமின் முகத்துக்கு நேரே மட்டும் யாரும் சொல்லமாட்டோம்.

ஃபீலிம் எழுந்தான். "சிரிங்கப்பா, ஏன் அடக்குறீங்க? எங்க ஆளு ஒரு பொண்ண ஏமாத்திக் கட்டிக்கிட்டான். போதுமா?"

"ஏமாத்தினாரா? யாரை? ஹனோராப் பாட்டியையா?" மார்லீன் வாய்விட்டுச் சிரித்தாள். "அந்த மாட்டுல ஒண்ணு கோணக்கொம்பு. அதைக் கன்னுக்குட்டியிலேருந்து வளர்த்ததே பாட்டிதானாம். முந்தின வருஷம் அவங்கப்பா சந்தையில வித்துட்டாரு. அன்னிக்கு அப்பாகூட அவங்களும் வந்தா, அது வயல்லேருந்து ஓடிவந்து கைய நக்குதாம்!"

"அப்பன்காரர் பார்க்கலையா?" என்றாள் அஸும்டா.

"'மாடுன்னா இது மாடு. நாம வித்தோமே, அது மாதிரி சொத்தையா?'ன்னாராம்."

கடை குலுங்கியது. "ஒருநாளாவது பால் கறந்திருந்தாத்தானே அந்த மனுஷனுக்குத் தெரியும்!" என்று அஸும்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபீலிம் மட்டும் சிரிக்கவில்லை. "அப்புறம் ஏன் அந்தம்மா வாயத் திறக்கல?"

"'எனக்காக வீடு வீடாப் போய்க் கெஞ்சியிருக்கான். இவ்வளவு மெனக்கெடுறவன் வேற எங்க கிடைப்பான்?'னு நெனச்சாங்களாம்."

அவன் மெல்ல உட்கார்ந்தான். "அப்ப நாங்க பரம்பரையாத் தலை குனிஞ்சது சும்மாவா?" கிளாசை நகர்த்தி வைத்துவிட்டு, "ஏம்மா, அந்த நிலம்..." என்று இழுத்தான்.

"எந்த நிலம்?"

"ஒண்ணுமில்ல."

"அப்பாவுக்கு ஒரு மண்வெட்டி அகலம் போதும், ஐயா."

"ஐயா என்ன ஐயா. நான் உனக்குச் சித்தப்பா முறை."

எந்தக் கல்லில் சாய்ந்துகொண்டு அப்படி ஒரு பெயரே கேள்விப்பட்டதில்லை என்றானோ, அதன் அடியிலேயே மறுநாள் அவனே குழி வெட்டினான். பங்குத்தந்தை ஜெபம் சொன்னார். மழைகூடக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

பிறகு எல்லோரையும் தன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தான். பளிச்சென்று ஒரு மேசைவிரிப்பு. அது பங்குத்தந்தை வீட்டுடையது. நாற்காலிகள் அஸும்டாவின் கடையிலிருந்து. கோப்பைகளுக்காக விடியும்போதே என் பின்கதவைத் தட்டி, "பிரைடி அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று வாங்கிப் போயிருந்தான்.

மார்லீனுக்கு வந்தது நீலக்கோட்டுக் கோப்பை. உடைந்த விளிம்பில் அவள் விரல் ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கோப்பை ரொம்ப அழகா இருக்கு சித்தப்பா," என்று உடைந்த பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக் குடித்தாள்.

"பரம்பரைச் சொத்தும்மா," என்றான் ஃபீலிம்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் விருந்தாளிக்குக் கோப்பை குறையாதிருக்கட்டும். குறைந்தால் பக்கத்து வீட்டுப் பின்கதவு திறந்திருக்கட்டும். பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கத் தெரிந்த ஒருத்தி எப்போதும் உங்கள் அடுப்பருகே உட்கார்ந்திருக்கட்டும்.