இருநூற்று எழுபது பிக்சல் வெள்ளை

"மெனுவை மறைச்சாச்சு. ஆனா அது இருந்த இடம் பல்லு விழுந்த வாய் மாதிரி இளிக்குது. சரி பண்ணு" என்றான் அண்ணன்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடம் எந்த நிறுவனத்துடையதோ, அதற்கு வலைத்தளம் செய்து தருபவன் அவன்தான். பள்ளியை விட்டபின் நான் அவனுக்குக் கூலியில்லாத ஆள். பக்கத்தைத் திறந்தேன். எப்போதும் போல அவசரத்தில் மெனுவின் எழுத்துகளை மட்டும் மறைத்துவிட்டு எழுந்திருக்கிறான். இடப்பக்கம் இருநூற்று எழுபது பிக்சல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை அப்படியே நின்றது.

"எதுக்கு மறைக்கணும்?"

"கம்பெனில சொல்றாங்க. பார்க்க லட்சணமா இருக்குமாம்."

மெனுவில் இருந்தவை நான்கு. முகப்பு, படங்கள், முகவரி மூன்றும் பக்கத்தின் அடியிலும் உண்டு. அடியில் இல்லாதது புகார் மட்டும்.

போன வாரம் குளியலறைக் கூரை பெயர்ந்து அம்மாவின் வலத் தோளில் விழுந்தது. அலுவலகத்தில் வாயால் சொன்னால் ஏற்கமாட்டார்கள். தளத்தில் எழுதி எண் வாங்கினால்தான் கொத்தனார் வருவார். ஏழு நாளில் வராவிட்டால் அந்த எண் செத்துவிடும், மறுபடி எழுத வேண்டும். அம்மா அன்றே எழுதி வாங்கிய எண்ணுக்கு இன்று ஏழாம் நாள், கொத்தனார் வரவில்லை.

உள்ளறையிலிருந்து போனும் கையுமாக அம்மா கத்தினாள். "என்னடி இது, புகார் எழுதுற இடத்தையே காணோம்?"

"வரும்மா, வேலை நடக்குது" என்ற அண்ணன், என்னிடம் பல்லைக் கடித்தான். "நீ படத்தை இழுத்து அதை நிரப்பு. போதும்."

எனக்குக் காதுவரை எரிந்தது. மெனுவை அடியோடு எடுத்தேன். புகார்ப் படிவத்தைக் கொண்டுவந்து அந்தப் பட்டையில் உட்காரவைத்தேன். போன் திரையில் எல்லாவற்றுக்கும் மேலே அது வரும்படி வைத்துச் சேமித்தேன். நாங்கள் வேலை செய்வது நேரே ஓடும் தளத்திலேயே; சேமித்த நொடியே எல்லார் போனிலும் மாறிவிடும்.

"கிடைச்சிருச்சுடி!" என்றாள் அம்மா.

அண்ணன் திரையைப் பார்த்தான். "என் பொழைப்புல மண்ணைப் போடுறியா? எடு!"

"அம்மாகிட்ட சொல்லிட்டு நீயே எடு."

அவன் மவுஸைப் பிடுங்கினான். உள்ளே அம்மா இடக்கை விரலால் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் கிளிக் செய்யவில்லை.

"அம்மா முடிக்கட்டும். அப்புறம் தூக்கிடுவேன்."

"தூக்கு. இந்தக் கட்டடத்துல முப்பது வீடு இருக்கு. அதுக்குள்ள எத்தனை கதவைத் தட்ட முடியுதோ தட்டி, அவங்கவங்க புகாரை எழுதச் சொல்றேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்து எதிர்வீட்டுக் கதவை ஓங்கித் தட்டினேன்.