வெளியூர் போகும் கம்ப்யூட்டர்

லிஃப்ட் மெக்கானிக் தன் கையால் செய்த கம்ப்யூட்டர் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தானாகவே பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டது. திங்கட்கிழமை காலை திரும்பி வந்து மேசைக்கடியில் நின்றுகொண்டது. படியிறங்கும்போது கொஞ்சம் சத்தம் கேட்டதாகக் கீழ்வீட்டுத் தையல்காரர் சொன்னார். மற்றபடி யாருக்கும் தொந்தரவில்லை.

குற்றம் மெக்கானிக்குடையதுதான். அவருக்குக் கை சும்மா இருக்காது. பிஸ்கட் டப்பாவில் ரேடியோ, டோஸ்டருக்குள் கடிகாரம், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் இருமுகிற மணி என்று எதையாவது செய்து, கிடைத்த லீவையெல்லாம் அதிலேயே கரைத்தார். அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர். தெருவுக்கே டோக்கன் அக்கா. கல்யாணமான புதிதில், கடல் பார்க்கப் போகவென்று அக்கா ஒரு நீலச் சூட்கேஸ் வாங்கினார். "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா போறோம்" என்பதை ஒன்பது வருஷம் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. சூட்கேஸ் சும்மாதானே கிடக்கிறது என்று மெக்கானிக் அதன் பக்கவாட்டில் ஃபேனுக்கு வட்டமாக வெட்டி, உள்ளே மதர்போர்டைத் திருகிவிட்டார். வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால், நகர்த்த வசதியாக இருக்கட்டுமென்று சக்கரங்களைக் கழற்றாமல் விட்டார். பயணத்துக்கென்று வாங்கிய பெட்டி இத்தனை வருஷம் பொறுத்ததே பெரிது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார் அக்கா. அதற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதன்பின் சனிக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் போனது. வரும்போது ஃபேனில் மணலும் திரையில் கடலின் படங்களும் இருந்தன. மெக்கானிக் ஃபேனுக்கு வலை மாட்டினார், சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டார். அவர் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். விண்ணப்பம் அச்செடுக்க வந்த தெருக்காரர்களிடம் அக்கா, "அது ஊருக்குப் போயிருக்கு, திங்கக்கிழமை வாங்க" என்றார். அவர்களும் சரியென்று போனார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை அக்கா ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் இரண்டு செட் துணியைத் திணித்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் போறேன்."

"எனக்கு இன்னைக்கு லீவு இல்லையே."

"உங்கள யாரு கூப்பிட்டா?"

திங்கட்கிழமை திரையில் புதுப்படங்கள் வந்தன. முழங்காலளவு தண்ணீரில் நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார் அக்கா. மெக்கானிக் டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். தான் செய்த எந்தப் பொருளும் அக்காவை இப்படிச் சிரிக்க வைத்ததில்லை என்பது அன்றுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஒரு பெட்டியின்மேல் பொறாமையாகவும் இருந்தது. அன்றே லீவு விண்ணப்பம் எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'மனைவியும் கம்ப்யூட்டரும் கடலுக்குப் போகிறார்கள், நானும் போக வேண்டும்' என்று உள்ளதை உள்ளபடி போட்டார். மேலதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு மெக்கானிக் ஒரு பையோடு வாசலில் நின்றார். அக்கா அந்தப் பையைத் துழாவி, ஸ்க்ரூ டிரைவர் செட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மறுபடி துழாவி, குறடு ஒன்றையும் எடுத்தார்.

"இப்ப வாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் அக்கா, நடுவில் கம்ப்யூட்டர், இந்தப் பக்கம் மெக்கானிக். கண்டக்டர் வந்து, ஒன்றும் கேட்காமல் மூன்று டிக்கெட் கிழித்தார்.