பத்தாவது பொட்டலம்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கூட எழுதுகிறவளின் கதை தீபாவளி மலரில் வந்த அன்று, வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்தேன். எரிச்சலை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே, கனகா மாட்டினாள்.

2
விருத்தாசலம், 2006. தடய அறிவியல் கூடம். (ஊரில் தேடாதீர்கள், கதைக்காக நான் கட்டியது.) கனகாவுக்கு அங்கே பதினோரு வருட சர்வீஸ். மோகனப்பிரியா வந்து ஒன்றரை வருடம். பார்க்க வேறு லட்சணமாக

(அடித்துவிட்டேன். அது கனகாவின் வாக்கியம்.)

பீங்கான் சில்லைப் பொடித்து மெஷினில் வைத்தால் எந்தச் சூளையில் வெந்தது என்று சொல்லும் முறையொன்றை மோகனப்பிரியா கண்டுபிடித்துவிட்டாள். ஆபீசர் புகழ்ந்து மாளவில்லை. கனகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3
முதல் கேஸ் தங்கராசு. திருட்டுப் போன வீட்டில் ஒரு ஜாடி உடைந்திருந்தது. அவன் சட்டைப்பையில் ஒரு சில்லு.

"சூளையில வேலை செய்யிறவன்ங்க. சில்லு இல்லாம எப்படி இருக்கும்?" என்று கதறினான்.

ஜாடி அவன் வேலை செய்யாத வேறு சூளையில் செய்தது. சில்லும் அந்தச் சூளைதான் என்றது மெஷின். கோர்ட்டுக்குப் போகுமுன் முறையைச் சோதிக்க வேண்டும்: பெயர் எழுதாத பத்து ஜோடிச் சில்லுகள், ஒவ்வொரு ஜோடியும் ஒரே சூளையா வேறு வேறா என்று மோகனப்பிரியா சொல்ல வேண்டும். பொட்டலம் கட்டும் வேலை கனகாவுக்கு.

4
ஒன்பதை ஒழுங்காகக் கட்டினாள். பத்தாவதில் அவள் மனசாட்சி

(நல்லவளாக்கப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.)

கனகாவின் அப்பா லாரி ஓட்டியவர். தங்கராசு வேலை செய்த சூளைக்கும் ஜாடிச் சூளைக்கும் ஒரே குழி மண்ணை இறக்கியவர். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சில்லு எடுத்து மடித்தாள். 'மாட்டுடி மவளே!' தங்கராசு அவள் நினைப்பிலேயே இல்லை.

"கடைசி ஜோடி ஒரே சூளைதான்க்கா," என்றாள் மோகனப்பிரியா.

தப்பு. மெஷின் மண்ணைத்தான் பார்த்தது, சூளையை அல்ல. தங்கராசு மேலிருந்த கேஸும் அதோடு விழுந்தது.

5
முதலில் எழுதிய முடிவில் மோகனப்பிரியா அழுதாள். கனகாவுக்கு இனித்தது. எனக்கும்தான். கிழித்துப் போட்டேன், ஏனென்றால் மோகனப்பிரியா அழுகிற ஜாதியில்லை. தங்கராசு வெளியே வந்த அன்று அவனையே கூட்டிக்கொண்டு கனகா முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க மட்டும் யோசிக்கலன்னா ஒரு அப்பாவிய நானே ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன்க்கா. ரிப்போர்ட்ல ஒங்க பேரத்தான் முதல்ல போட்டிருக்கேன்."

தங்கராசு கையெடுத்துக் கும்பிட்டான். "என் மேல அம்மாம் நம்பிக்கையாங்க ஒங்களுக்கு?"

கனகா வாயைத் திறந்தாள்.

மூன்று பதில் எழுதி மூன்றையும் அடித்தேன். தீபாவளி மலர் மேசைமேல் கிடக்கிறது. அதில் எழுதியவளை வாழ்த்தி இன்னும் ஒரு போன் போடவில்லை, நான் என்ன பதில் எழுத? அவன் கும்பிட்ட கையை இறக்காமல் நிற்கிறான். அவளுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள்.