அணைக்கக் கூடாத மெஷின்

இதனால் மட்டாஞ்சேரி வாழ் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ‘பாண்டியன் இண்டஸ்ட்ரியல் சொல்யூஷன்ஸ்’ நிறுவனத்தின் முப்பரிமாண அச்சு இயந்திரம் மழைக்காலத்திலிருந்து ஒரு நொடிகூட அணைக்கப்படாமல் இயங்கி வருகிறது. இனியும் அணைக்கப்பட மாட்டாது.

நிறுவனம் என்பது அரிசிக் கிடங்கை ஒட்டிய ஒற்றை அறை. நிர்வாக இயக்குநர் பாண்டியராஜன். மற்ற பணியாளர்கள் அனைவரும் அவருடைய மனைவி இசக்கிசெல்வி. மிக்ஸித் திருகு, வாஷிங் மெஷின் கைப்பிடி, பழம்பொருள் கடைகளுக்கான முந்நூறு வருஷத்து டச்சு அலமாரிக் குமிழ் எல்லாம் அங்கேதான் பிளாஸ்டிக்கில் பிறந்தன.

கிடங்குக் கணக்கர் பரீத் ஒருநாள் கேட்டே விட்டார். “பாண்டியண்ணா, கரண்ட் போனா இன்வெர்ட்டருக்கு விழுந்தடிச்சு ஓடுறீங்க. இது மெஷினா, ஐ.சி.யூ.ல கிடக்குற ரோகியா?”

“இண்டஸ்ட்ரியல் ஸ்டாண்டர்டு, பரீத். உமக்குப் புரியாது.”

அது பாண்டியராஜனுக்கும் புரியாது. காரணம் வேறு.

மெஷினை அணைத்தால் அது மூக்கின் உயரத்தை மறந்துவிடும். மூக்கு என்று அவர்கள் சொல்வது உருகிய பிளாஸ்டிக் வழிகிற முனையை. அது தட்டுக்கு மேல் ஒரு தாள் கனத்தில் நிற்க வேண்டும். தூக்கி நின்றால் இடியாப்பம், அழுத்தி நின்றால் அடைப்பு. ஒவ்வொரு தடவை அணைத்துப் போட்ட பிறகும் செல்விதான் முனைக்கு அடியில் ஒரு தாளை விட்டு இழுத்துப் பார்த்து, விரல் நுனியில் அந்த உரசல் தட்டுகிறவரை ஏற்றி இறக்கி வைப்பாள். பாண்டியராஜன் வைத்தால் எப்போதும் இடியாப்பம்தான்.

மழையோடு சிக்கன்குனியா வந்தது. செல்விக்குக் காய்ச்சல் போயிற்று, விரல் மூட்டுகளில் விறைப்பு தங்கிவிட்டது. சாயா கிளாஸ் கை நழுவியபோது சிரித்தாள். சேலைக்கு ஊக்கு குத்த முடியாதபோதும் சிரித்தாள். ஆனால் மெஷின் அவளுடைய கெத்து. அதுவும் கைவிட்டுப் போயிற்று என்று அவளுக்குத் தெரியவே கூடாது. ஆகவே, காய்ச்சலுக்கு முன் அவள் வைத்த உயரத்தோடு மெஷினை அப்படியே விழித்திருக்க விட்டார் பாண்டியராஜன். அத்தனை இங்கிலீஷும் அதற்குத்தான்.

பூஜை வைப்பு வந்தது. கேரளத்து வழக்கப்படி, அஷ்டமி சாயந்தரம் தொழில் சாமான்களுக்குச் சந்தனம் தொட்டு வைத்துவிட்டால் விஜயதசமி காலைவரை அவற்றைத் தொடக் கூடாது.

“மெஷினை அணைங்க,” என்றாள் செல்வி.

“நிறுவனத்தோட உற்பத்தித் தொடர்ச்சி…”

“ஆயுதத்துக்கே லீவு குடுக்காத முதலாளி இந்தப் பஜார்லயே நீங்க ஒருத்தர்தான். அணைங்க.”

அணைத்தார். தைரியம் இருந்தது. மதியமே ஒரு கோட்டயத்துக்காரரின் வீடியோவைப் பார்த்து, அணைத்தாலும் அழியாத ஃபைல் ஒன்றில் அந்த உயரத்தை எழுத மெஷினைப் பழக்கியிருந்தார். எண் ஃபைலில் ஏறியதைக் கண்டதும், நிர்வாக இயக்குநருக்குரிய மிடுக்கோடு வீடியோவைப் பாதியில் நிறுத்தியும் விட்டார்.

விஜயதசமி காலையில் மெஷின் விழித்தது. திரையில் உயரம் பூஜ்யம். எழுதி வைத்தால் மட்டும் போதாது, விழித்ததும் அதை எடுத்துப் படிக்கவும் மெஷினுக்குச் சொல்லித்தர வேண்டும். அது வீடியோவின் மறுபாதியில் இருந்தது.

“ஒரு நிமிஷம், நான் கம்ப்யூட்டர்ல…”

“தள்ளுங்க. நான் வைக்கேன்.”

தாளை விட்டு இழுத்தாள். தாள் விரலிலிருந்து நழுவியது. மறுபடி பிடித்தாள். உரசுவது முனையா, தன் விரலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் தடவை தாளைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டாள். பாண்டியராஜன் சுவரைப் பார்த்தார். எண் ஃபைலில் இருக்கிறது, சொல்லிவிடலாம். எதற்காக எழுதி வைத்தீர்கள் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது?

“இதுக்குத்தான் இத்தனை நாளா அணைக்காம வச்சிருந்தீயளா?”

“இண்டஸ்ட்ரியல்…”

“பொய் சொல்லும்போது மட்டும் உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருது.”

அவர் அவள் வைத்த தாளை எடுத்துச் சுருக்கம் நீவினார்.

“கையைக் குடுங்க,” என்றாள்.

தாளை அவர் விரலிடுக்கில் செருகி, அவர் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையின் முட்டியால் திரையைத் தட்டி முனையை இறக்கினாள்.

“இழுங்க. முனை தாளைப் பிடிக்கா?”

“பிடிக்கிற மாதிரி…”

“மாதிரி வேண்டாம். பிடிக்கா?”

“இல்ல.”

இன்னும் ஒரு தட்டு. தாள் லேசாக முனகியது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நிறுத்துங்க. இதான்.”

“எப்படி?”

“காதுக்குக் காய்ச்சல் வரலல்லா.”

முதல் வரி தட்டில் படிந்து ஒட்டியது, இடியாப்பம் இல்லை. இரண்டாவது வரியும் ஒட்டியது. அவள் மணிக்கட்டை விடவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை. மெஷின் பாட்டுக்கு ஒரு டச்சு அலமாரிக் குமிழைப் பெற்றெடுத்துக்கொண்டிருந்தது.

அந்த உயரத்தை ஃபைலில் சேமிக்க அவருக்குத் தோன்றவே இல்லை.