ஒட்டாத கைதட்டல்

வானொலி நிலையத் தலைவருக்கு அன்றைக்குக் கடைசி நாள். காலையிலேயே ஊழியர்களை உட்காரவைத்து, விடைபெறும் உரையைப் பதிவு செய்தாயிற்று. சாயங்காலச் செய்தி முடிந்ததும் நாடு முழுக்கப் போகும். ஒலித்தொகுப்பு அறையில் அதைக் கேட்கக் கேட்க அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிலையத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான்.

"என் காலத்தில் இந்த நிலையம் மக்களிடம் எதையும் மறைத்ததில்லை" என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தார் மனுஷன்.

மறைக்கலையாம்! போன மழைக்கு அணையைத் திறக்கப்போகிறார்கள் என்று எச்சரிக்கை வந்தும், மேலிடத்து விழா நேரலையில் குறுக்கே எதுவும் போகக்கூடாது என்று அமுக்கிவைத்தது யாராம்? ஆற்றங்கரையில் குடியிருந்த அவள் தம்பி, ஏதாவது இருந்தால் ரேடியோவில் சொல்லுவார்கள் என்று கிளம்பின பெண்டாட்டியைப் பிடித்து உட்காரவைத்தான். தண்ணீர் அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவன் அக்காவிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. நீயும் அங்கேதானே சம்பளம் வாங்குகிறாய் என்று ஒருதரம் கேட்டதோடு சரி.

அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் தலைவர் கைதட்டலுக்காக நிறுத்தியிருந்தார். ஒரு கை அசையவில்லை. துணை இயக்குநர் வந்து, பழைய இசைநிகழ்ச்சியிலிருந்து கைதட்டலை எடுத்து ஒட்டிவிடம்மா, இல்லாவிட்டால் அந்த இடைவெளியையாவது வெட்டிவிடு என்று குழைந்தார். சத்தமே இல்லாமல் கொஞ்ச நேரம் போனால், கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஒலிபரப்புக் கருவி தானாகத் தடங்கல் அறிவிப்பைப் போட்டுவிடும். அது நிலையத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அக்கா தலையாட்டினாள். ஒட்டவுமில்லை, வெட்டவுமில்லை.

சாயங்காலம் நாடே கேட்டது. எதையும் மறைத்ததில்லை என்றார் தலைவர். பிறகு மௌனம். கருவி அவர் பேச்சை அதோடு நிறுத்தி, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று அறிவித்தது.

போனில் தலைவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"யாரும் கைதட்டலை சார். நடந்ததைத்தான் போட்டேன்" என்றாள் அக்கா.

அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவளை வெளியே அனுப்பினார்கள். போனால் போகிறது சனியன் என்று நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். இன்றைக்காவது பேசுவான் என்று மனசு அடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ரேடியோவில் அவனும் கேட்டிருந்தான். கதவைத் திறந்தவன் வாசலிலேயே நின்று கேட்டான்.

"அன்னைக்கு அந்த விழாவை இப்படி நிறுத்த உங்கள்ல ஒருத்தருக்கும் கை வரலையாக்கா?"