கல்யாணக் கஞ்சில்

என் தங்கை ஜெனட்டின் கல்யாணத்தன்று காலையில் லஹாட்டைத் தாண்டி ரோட்டோரத்தில் நடந்த கூத்தை யாரிடம் சொன்னாலும், "கதை விடாதே வெரோனிகா" என்கிறார்கள். கதை விட எனக்கேது நேரம்? நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வேன். கொஞ்சம் கோபக்காரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு என் இடத்தில் யார் இருந்திருந்தாலும் கோபம் வந்திருக்கும்.

ஜெனட்டிடம் ஒரு பழைய கஞ்சில் கார் இருக்கிறது. சிலிம் ரிவர் என்ற ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வாங்கியது. கையால் மாற்றும் கியர், தேங்காய்ப்பால் நிறம், நான்கு பேர் ஏறினால் ஐந்தாவது ஆளின் கைப்பைக்குக்கூட இடமில்லை. பகலில் ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பாள். வேலை முடிந்ததும் அந்தக் காருக்கு அடியில் படுத்துவிடுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் பதில் சொல்லும்.

அவள் ஒருத்தி போதாது என்று, இவளைப் போலவே கார்ப் பைத்தியம் பிடித்து ஆட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. பேராக் பழைய காடிப் பாசறை என்று பெயர். இங்கே மலேசியாவில் நாங்கள் காரைக் காடி என்றுதான் சொல்வோம். ஊருக்கு வெளியே முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் பெரட்டுக்களம் மட்டும் சிமெண்டுத் தரையாக மிச்சம் இருக்கிறது. தோட்டத்து ஆட்களை விடியற்காலையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்ட இடம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாசறைத் தலைவர் சதாசிவம் அண்ணே அங்கே நின்று பெயர் கூப்பிடுகிறார். ஆளின் பெயரை அல்ல, காரின் நம்பரை. வந்திருந்தால் ஹாரன் அடிக்க வேண்டும். படித்து உத்தியோகம் பார்க்கிற மனிதர்கள் அடிக்கிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவும் உண்டு. 'பிரேக் பிடிச்சா கீச்சுனு சத்தம் வருது' என்று ஒருவர் எழுதிவிட்டால் போதும். பிரேக் பேடை மாத்து என்பார் ஒருவர். மாத்தாதே, கழற்றித் துடைத்துப் போடு என்பார் இன்னொருவர். தைப்பிங் பக்கம் போனியா, அங்க எப்பவும் மழை, ஈரமா இருக்கும் என்பார் மூன்றாமவர். எந்த எண்ணெய் ஊற்றுகிறாய் என்று எவராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு யாரும் தூங்கப் போவதில்லை.

இத்தனைக்கும் நடுவில் என் தங்கையைக் காதலித்துக்கொண்டிருந்தவர் கீத். பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. சாதுவான மனிதர். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கதவு எங்கே இருக்கிறது என்பதுதான். மூன்று வருஷமாக அவர் செய்த முக்கியமான வேலை காத்திருந்ததுதான். சினிமாவுக்குப் போனால் வாசலில் காத்திருப்பார். சாப்பாட்டுக் கடையில் இரண்டு தேத்தண்ணியை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பார். போன் பண்ணினால், "அஞ்சு நிமிஷம்லா, ஒரு போல்ட்டு மட்டும்தான்" என்பாள் ஜெனட். நிச்சயதார்த்தத்துக்கே லேட்டாக, கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்றாள். அதனால் மோதிரம் மட்டும் வழுக்கிக்கொண்டு ஏறியது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கீத் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஜெனட், எனக்கு ஒன்னே ஒன்னுதான் வேணும். அன்னிக்கு மட்டும் என்னை உன் காடிக்குப் பின்னால நிக்க வைக்காத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் கண் சிரிக்கவில்லை. ஜெனட் அதைக் கவனித்தாள். "சத்தியமா" என்றாள். கீத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அப்படிச் சத்தியம் பண்ணியவள் என்ன செய்திருக்க வேண்டும்? வாடகைக்கு ஒரு நல்ல காரைப் பிடித்து, பின்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து போயிருக்க வேண்டும். இவளோ கல்யாண கவுனோடு கஞ்சிலைத் தானே ஓட்டிப் போவேன் என்றாள். நான் கத்தினேன். அம்மாவும் அப்பாவும் முதல் நாளே சர்ச்சு இருக்கும் பத்து காஜாவுக்குப் போய்விட்டதால் கத்த நான் ஒருத்திதான் இருந்தேன்.

காலையில் பாசறை முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. லோரி ஓட்டும் பவித்ரன் கஞ்சிலின் முகத்தை அலங்கரித்திருந்தான். சாட்டின் ரிப்பன், பிளாஸ்டிக் ரோஜா மாலை, அதற்கு மேல் 'ஜெனட் – கீத்' என்று எழுதிய இதய வடிவப் பலகை. கார் இருப்பதே தெரியவில்லை. முன்னால் ஜெனட், நடுவில் பாசறை, எல்லாருக்கும் கடைசியில் பூச்செண்டும் மாற்றுச் செருப்புமாக நான். அறுபதுக்கு மேல் நான் ஓட்டமாட்டேன் என்று எல்லாருக்கும் தெரியும்.

லஹாட் தாண்டியதும் கஞ்சில் ஓரம் கட்டியது. முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது.

சும்மா சொல்லக்கூடாது, ஜெனட் கெட்டிக்காரி. சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியதுமே நிறுத்திவிட்டாள். கவுனைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்தாள். பார்த்தவுடனே பிடித்துவிட்டாள்.

"டேய் பவித்ரா! இப்படி மூடி வச்சா ரேடியேட்டருக்குக் காத்து எங்கடா போகும்?"

பவித்ரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மாலை நல்லா இருக்கான்னுதான் பாத்தேன்க்கா. ரேடியேட்டரை மறந்தே போயிட்டேன்."

மாலையும் பலகையும் பிய்ந்து புல்லில் விழுந்தன. காரணம் தெரிந்துவிட்டது. இனி என்ஜின் ஆறினால் தண்ணீர் ஊற்றலாம், போகலாம். ஆனால் கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் முகம் வெந்துவிடும். ஆகவே காத்திருக்க வேண்டும். பாசறை ஆட்களைக் காத்திருக்க வைப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய கார் நின்றுவிட்டால் மற்ற எல்லாரும் இறங்கித் தங்கள் காரின் பானட்டையும் திறந்து வைத்துவிடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கவாம். ஒரு நிமிஷத்தில் செம்பனை மரங்களின் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு கார்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நின்றன. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய் மாமா நிறுத்தி, விற்பனைக்கா என்று கேட்டார். இல்லை என்றதும் அவரும் இறங்கி ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"தெர்மோஸ்டாட்டையும் ஒரு பார்வை பாத்துரலாம்" என்றார் ஒருவர். "வாட்டர் பம்ப்பு மேலதான் எனக்குச் சந்தேகம்" என்றார் இன்னொருவர். சதாசிவம் அண்ணே பட்டு ஜிப்பாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "சபார்லா, பொறுங்கலா, ஒவ்வொன்னா பாப்போம்" என்றார். மணப்பெண் நடுவில் நின்று எல்லாருக்கும் பதில் சொன்னாள்.

நான் முதலில் குடையோடு இறங்கியது தங்கைக்கு வெயில் படக்கூடாது என்றுதான். அப்புறம் பூசைப் புத்தகத்தால் என்ஜினுக்கு விசிறினேன். யாரோ பைப் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். என்னை அறியாமல் என் வாய் திறந்தது.

"பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. உள்ள துரு பிடிக்கும். கூலண்ட் இல்லையா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சதாசிவம் அண்ணே மரியாதையாகத் தலையசைத்தார். "வெரோனிகா சொல்றது சரி."

அந்த ஒரு வார்த்தையில் நான் கெட்டேன். மூன்று வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் காதில் விழுந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. பச்சைக் கூலண்டையும் சிவப்புக் கூலண்டையும் கலக்கலாமா என்று பேச்சு வந்தபோது, கலக்கவே கூடாது என்று மலாய் மாமாவோடு நானே சண்டை போட்டேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஜெனட் என்னிடம் கொடுத்து வைத்திருந்த அவள் போன் கைப்பைக்குள் அடித்தது. கீத்.

"அக்கா, கெளம்பிட்டீங்களா?"

"ரோட்டுலதான் இருக்கோம் கீத்."

எனக்குப் பின்னால் யாரோ, "மூடியைத் தொடாதலா, இன்னும் சுடுது!" என்று கத்தியது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நின்னுருச்சாக்கா?"

"ஆமா கீத்" என்றேன்.

"சரிக்கா. நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பழகிப்போன ஒருவரின் குரல் அது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஏய்! இத்தனை காடி நிக்குது! எதுலயாவது ஒன்னுல அவளை ஏத்துங்களேன்!" என்று கத்தினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. கார் நின்றால் ரிப்பேர் செய்வது என்று மட்டும்தான் அந்த மூளைகளுக்குத் தெரியும்.

"ஆமாலா!" என்றார் சதாசிவம் அண்ணே. உடனே முகம் சுருங்கியது. "என் காடி ரொம்ப லோவா இறக்கி வச்சிருக்கேன்மா. சர்ச்சு வாசல் மேட்டுல வயிறு தட்டும்."

பவித்ரன் காரில் பின்சீட்டே இல்லை, அங்கே ஸ்பீக்கர் பெட்டி. அடுத்தவர் காரில் ரேஸ் சீட்டு. கவுனோடு அதற்குள் உட்கார்ந்தால் வெளியே எடுக்க ஆள் வேண்டும். ஒன்றில் இடது கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும். ஒன்றில் கால் வைக்கும் இடத்தில் ரோடு தெரிந்தது. எடை குறைய ஏர்கண்டிஷனைக் கழற்றி எறிந்தவர் இருவர். மெருகேற்றி மெருகேற்றி, ஒரு மனுஷி உட்கார்ந்து போக ஒரு கார்கூட இல்லாமல் செய்து வைத்திருந்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அக்கா" என்றான் பவித்ரன் மெதுவாக. "நீங்க எதுல வந்தீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வரிசையின் கடைசியில், பானட் மூடியபடி, என் வெள்ளை மைவி கார் நின்றது. ஆட்டோ கியர், ஏர்கண்டிஷன், நான்கு கதவும் திறக்கும். அதை நானே மறந்துபோயிருந்தேன்.

அதே நேரம் சதாசிவம் அண்ணே துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆறிருச்சும்மா! ஊத்தி, உள்ள அடைச்ச காத்தை எடுத்துட்டா ஓடிரும். அஞ்சு நிமிஷம்லா!"

ஜெனட் கஞ்சிலைப் பார்த்தாள். எனக்கு அவளைத் தெரியும், அவளுக்குக் கை அரித்தது. அதன் நெற்றியை ஒரு தடவை தடவினாள். வெள்ளைக் கையுறையில் கரி ஒட்டியது. பிறகு, "இவங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியும்க்கா. நானே சொல்லியிருக்கேன்" என்று இரண்டு கையாலும் கவுனை வாரிப் பிடித்துக்கொண்டு என் காரை நோக்கி ஓடினாள். நானும் ஓடினேன். பின்னால் பாசறை ஹாரன் அடித்தது.

அன்றைக்கு அறுபதைத் தாண்டினேன். எவ்வளவு என்று சொல்லமாட்டேன்.

"மிதிக்கா, மிதி!" என்று கத்தினாள். நடுவே ஒரு தடவை காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "முன் டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்றாள். "வாயை மூடுடி" என்றேன். இருவருக்கும் சிரிப்பு பொங்கியது. வழியெல்லாம் பைத்தியங்கள் மாதிரி சிரித்துக்கொண்டே போனோம்.

பூசை பத்து மணிக்கு. மணி பத்தடிக்க நாங்கள் சர்ச்சுக்குள் நுழைந்தோம். கீத் வாசலைப் பார்த்து நிற்கவில்லை. இனி யார் வரப்போகிறார்கள் என்பது போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பியானோ தொடங்கியதும் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

தோழிப் பெண் என்பதால் நான் ஜெனட்டுக்குப் பின்னாலேயே நின்றேன். அவர்கள் கிசுகிசுத்தது எனக்கு நன்றாகவே கேட்டது.

"காடி எங்க?"

"ரோட்டுல."

"சரி பண்ணிட்டாங்களா?"

"தெரியல."

"சாவி?"

"தெரியல கீத். அதுலயே இருக்கும்."

காரைப் பூட்டிவிட்டு மூன்று தடவை கதவை இழுத்துப் பார்க்கிறவள் அவள். அவள் வாயிலிருந்து அந்தக் காரைப் பற்றித் 'தெரியல' என்ற வார்த்தையை அவர் அதுவரை கேட்டதே இல்லை. கீத் எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார்.

ஃபாதர் மத்தியாஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தம்பி, கல்யாணத்துக்கு அப்புறம் அழறவங்களைப் பாத்திருக்கேன். நீங்க முன்னாடியே ஆரம்பிச்சிட்டீங்க."

சர்ச் முழுக்கச் சிரித்தது. கீத் கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார். "சம்மதம் ஃபாதர்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"கேளுங்க ஃபாதர். சீக்கிரம் கேளுங்க."

மூன்று வருஷம் வாய் திறக்காமல் காத்திருந்த மனிதருக்கு அந்த ஒரு நிமிஷம் பொறுக்கவில்லை.