கையெழுத்துக்கு விட்ட இடம்

பழைய பேப்பரை எடைக்குப் போட்டுவிட்டு வெறும் பையோடு திரும்ப வேண்டிய பட்டாபிராமன், போனபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு கனத்தோடு நிக்டியில் இருந்த தன் வீட்டுப் படியேறினார். பையில், கடையில் கிடைத்த, அட்டை போன ஓர் இங்கிலீஷ் அகராதி. பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவின் தராசு அதைத் தூக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டதாம். பக்கத்தைப் புரட்டியபோது எழுந்த தூசியில் கடைத்தெருவே தும்மியதாம். மனைவி சாவித்ரி நம்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அவர் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துக்கொண்டுதான் கேட்டு வருகிறாள்.

ஆனால் அகராதி பொய் சொல்லவில்லை. எழுதுகிறவர்களைக் கொஞ்சவும் திட்டவும் மட்டுமே அதில் எத்தனை பழைய வார்த்தைகள்! எழுதியே ஆகவேண்டும் என்று கை அரிக்கிறவன் 'ஸ்கிரிப்ட்யூரியன்ட்'. விஷயம் தெரியாமல் குறை சொல்கிற குட்டி விமர்சகன் 'கிரிட்டிகாஸ்டர்'. போரில் ரத்தம் சிந்துவதுபோல் காகிதத்தில் மை சிந்துவது 'இங்க்ஷெட்'. ஆபீஸ் குமாஸ்தா 'குவில் டிரைவர்', அதாவது இறகுப் பேனாவை ஓட்டுகிறவன்.

"சாவித்ரி! முப்பத்தஞ்சு வருஷமா நான் டிரைவர்டீ!"

"ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு எடுக்கத் தெரியாது. டிரைவராம்."

தேஹு ரோடு ராணுவ டிப்போவில் குமாஸ்தாவாக அவர் எழுதிய கடிதங்களை ஒட்டிக்கொண்டே போனால் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தில் சந்திரனுக்கு ஒரு கோவணமும் கட்டலாம். ஆனால் அத்தனைக்கும் கீழே கையெழுத்து வேறு யாருடையதோ. டிராஃப்ட் எழுதுவது அவர். கடைசியில் 'அதிகாரிக்காக' என்று போட்டு, கையெழுத்துக்கு நாலு விரல் இடம் விடுவதும் அவர். 'பட்டாபிராமன்' என்ற பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் ஒரே ஒரு தடவை. அதிலும் அப்பா பெயர்தான் பெரிய எழுத்து.

அதனால்தான் இந்த ஆசை. தமிழ்ச் சங்க ஆண்டு மலரில் இந்த வார்த்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை, அதன் கீழே தன் பெயர். அவ்வளவு போதும்.

மலரைத் தொகுக்கிறவள் அகல்யா. கோயமுத்தூர்ப் பெண், பாணேரில் ஐடி வேலை. அவளுக்குப் போன் செய்தார்.

"சார், ஒரு பக்கந்தாங்க இருக்குது."

"ஒரு பக்கமா? முன்னுரையே பதினாலு பக்கம் வந்திருக்கும்மா."

"அப்ப முன்னுரைய எடுத்துருங்க சார்."

"கிரிட்டிகாஸ்டர்!" என்றார் பட்டாபிராமன், போனை வைத்த பிறகு.

வெட்டினார். ஒவ்வொரு வரியை அடித்தபோதும் தன் விலா எலும்பை உருவுவதாக முனகினார். எஞ்சிய ஒரு பக்கத்தைப் படித்த சாவித்ரி இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு லோனாவ்லா வரைக்கும் கேட்டது என்பது அவர் கட்சி. அதே உற்சாகத்தில் உட்கார்ந்து, முத்து முத்தாக ஒரு நகல் எடுத்து, போட்டோ பிடித்து அகல்யாவுக்கு அனுப்பிவிட்டார்.

விழா நாள் காலையில் மண்டப வாசலில் மலர்க்கட்டுகள் வந்து இறங்கின. முதல் கட்டைப் பிரித்தவர் அவர்தான். கட்டுரை ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதன் கீழே: 'ராம்பிரசாத், செயலாளர்.'

"என்னம்மா அகல்யா இது?"

"சார், கடைசியில 'செயலாளருக்காக'ன்னு எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது நீங்கதானுங்களே? அவரு எழுதினத நீங்க காப்பி பண்ணி அனுப்பியிருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்." போனை நீட்டினாள். போட்டோவில் இருந்தது அவருடைய எழுத்தேதான். வாசகமும் இருந்தது, நாலு விரல் இடமும் இருந்தது. பட்டாபிராமன் தன் வலது கையை, வீட்டுக்குள்ளேயே அகப்பட்ட திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மேடையில சொல்லீர்றேனுங்க சார்."

"சொன்னா காத்தோட போயிடும்மா. அச்சுன்னா நிக்கும்."

வானம் இடிந்தது என்றோ பூமி பிளந்தது என்றோ அவர் சொல்லவில்லை. அதுதான் சாவித்ரிக்குப் பயமாக இருந்தது. கைப்பையைக் குடைந்து ஒரு பேனாவை எடுத்தாள்.

"ஏன்னா, உங்க கையெழுத்து என்ன, பென்ஷன் பேப்பருக்கு மட்டுமா? உக்காருங்கோ."

வாசலிலேயே மேஜை போட்டாள். ஒவ்வொரு பிரதியிலும் செயலாளர் பெயரை அவர் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே 'பட்டாபிராமன்' என்று எழுதினார். முதல் பிரதியில் எழுத்து எறும்பாய் ஊர்ந்தது. பத்தாவதில் எழுத்துக்குச் சிறகு முளைத்தது. நூறு தாண்டியதும் கடைசி எழுத்தின் வால் எதிர்ப்பக்க நகைக்கடை விளம்பரத்துக்குள் நுழைந்து வளையல் போட்டுக்கொண்டது. விரலெல்லாம் மை. சரித்திரம் காணாத இங்க்ஷெட்! இட்லிக்கு நின்ற வரிசை கலைந்து கையெழுத்துக்கு வந்து நின்றது. ஒவ்வொருவரும் ஸ்கிரிப்ட்யூரியன்ட் என்றால் என்னவென்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தைக்கு நூறு வயது கூடியது.

செயலாளர் ராம்பிரசாத் தாமதமாக வந்தார். பாங்கில் பெரிய அதிகாரி. மலரை வாங்கி, அடிபட்டுக் கிடந்த தன் பெயரைப் பார்த்தார். வரிசை எட்டிப் பார்த்தது. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"பட்டாபி சார், நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

பட்டாபிராமன் எழுந்து நின்றார். சாவித்ரியைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு உங்க கையெழுத்து வேண்டாம் சார்" என்றார். "நானே போட்டாச்சு."

உட்கார்ந்து, பழக்கம் முழுசாக விடாததால், தன் கையெழுத்தின் கீழே தேதியும் போட்டார்.